தொட்டியைத் தாண்டி நான்கு மீட்டர்

ஓடும் ஸ்கூட்டரிலிருந்து, குப்பைத் தொட்டிக்கு நேராக வரும்போது வீசப்படும் பை எங்கே போய் விழும்?

முந்தைய நாள் மாலைதான், லாஸ்பேட்டையில் என்னிடம் இயற்பியல் படிக்கும் ப்ளஸ் ஒன் மாணவர்களிடம் இதைக் கேட்டிருந்தேன். விடையையும் நானே சொன்னேன் — தொட்டிக்குள் விழாது. நம் கை பையை விட்டாலும், பை ஸ்கூட்டரின் வேகத்தை விடாது. புவியீர்ப்பு அதைக் கீழே இழுப்பதற்குள் முன்னே போய்விடும்.

மறுநாள் காலை மூலக்குளத்திலிருந்து கடற்கரைத் தூய்மைப் பணிக்குக் கிளம்பினேன். ஹேண்டில்பாரில் மீன்குழம்பு மிச்சம் ஒரு பை. ஏற்கெனவே தாமதம். வண்டியை நிறுத்தினால் ஒரு நிமிடம் வீணாகும்... சமூகத்துக்கு அது இழப்பில்லையா? தொட்டி நேராக வந்ததும், நிறுத்தாமலே பையைச் சற்று மேல்நோக்கி வீசினேன்.

ஏறி இறங்க அரை நொடி. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்பது நான்கு மீட்டர். அந்த நான்காவது மீட்டரில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர் ஆட்டோவுக்காக நின்றிருந்தார்.

"மிஸ்யே, தொட்டி அங்க இருக்குது" என்றார், பிரெஞ்சு மரியாதையோடு.

நெஞ்சிலிருந்து குழம்பு வழிந்துகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிப்ப வச்சி நான் இன்னா பண்றது? பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன்பா. உசுரோட இருக்கேன்னு பத்து மணிக்குள்ள ஆபீஸ்ல நேர்ல காட்டணும். இன்னிக்கிதான் கடைசி நாள். உட்டா பென்ஷன் நின்னுடும்."

மணி ஒன்பதே முக்கால். வீட்டுக்குப் போய் உடைமாற்ற அவருக்கு நேரமில்லை. என் டி-ஷர்ட்டைக் கழற்றி நீட்டினேன். அதிலிருந்த வாசகத்தை நிதானமாகப் படித்தார்: 'நம் ஊரின் தூய்மை நம் கையில்.'

"இத நான் போட்டுக்குனு போவலாம். நீ எப்பிடிப்பா போட்டுக்குனு வந்த?"

அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு, அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

"மெதுவா ஓட்டு. உசுரோட போய்ச் சேரணும்."

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது உள்ளே போனவர், கையெழுத்தான தாளோடு வெளியே வந்தார். "இந்த வயசுலயும் சமூக சேவையான்னு கேட்டாரு ஆபீசரு."

"நீங்க என்ன சொன்னீங்க ஐயா?"

"இப்பதான் ஒருத்தன திருத்தினு வரேன்னு சொன்னேன்."

இப்போதெல்லாம் தொட்டியருகே ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்கி, பையைக் கையாலேயே உள்ளே வைக்கிறேன்.