கவாத்து முடிந்த தோட்டமும் கால் சதவீதமும்

ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியுடன் இணைத்த சிறுதொழில் கடனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். அதன்மேல் வங்கி சேர்க்கும் ரிஸ்க் பிரீமியத்தை, கடன் வாங்கியவரின் தகுதி கணிசமாக மாறினால் ஒழியத் தொடக் கூடாது. இது விதி. 'கணிசமாக' என்றால் எவ்வளவு என்று விதி சொல்லவில்லை. விளக்கம் இல்லாத சொல்லுக்குப் பின்னால் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது வங்கி வேலை எனக்குக் கொடுத்த பழக்கம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் உத்தமபாளையம் பக்கம் ஒரு கிளையில் மேலாளராக இருந்தேன்.

1. டிவியில் குறைந்த வட்டி

ராயப்பன்பட்டி ஆரோக்கியமேரி எங்கள் கடனில் திராட்சைக்குக் குளிர் அறை கட்டியவர். ஒரு அறை போதவில்லை. அறுத்த பழம் மிஞ்சினால் அன்று சாயங்காலமே கேரள வியாபாரி சொன்ன விலைக்குத் தள்ள வேண்டும். அடுத்த அறுவடைக்குள் இரண்டாவது அறை கட்டக் கடன் கேட்டிருந்தார். கிடைத்தால் பழம் நல்ல விலைக்குக் காத்திருக்கும். பேக்கிங்கில் நாலைந்து பெண்களுக்கு வேலையும் வரும்.

ஜூனில் ஒரு நாள் வந்தார்.

"சார், வட்டியக் கொறைச்சிட்டாகன்னு டிவில சொன்னாக. எனக்கு அப்படியே நிக்குது. டிவிக்காரகளுக்கு மட்டும் கொறைச்சாகளா?"

"இருங்கம்மா, பாக்குறேன்."

"ஏத்துனப்ப மட்டும் உடனே மெசேஜ் வந்துச்சு. எறங்குறதுக்கு உங்க கம்ப்யூட்டருக்கு மூட்டு வலியா?"

பார்த்தேன். ரெப்போ கால் சதவீதம் இறங்கியிருந்தது. அதே வாரம் அவருடைய கடன் தகுதி ரேட்டிங் ஒரு படி இறங்கி, ரிஸ்க் பிரீமியம் கால் சதவீதம் ஏறியிருந்தது. கூட்டிக் கழித்தால் பழைய வட்டி. இவ்வளவு கச்சிதமான தற்செயலை நான் நம்புவதில்லை. அதைவிட மோசம், அந்த ரேட்டிங்கில் புதுக் கடன் கிடையாது. இரண்டாவது அறை அங்கேயே நின்றது.

2. எல்லாம் போயிருச்சு

ரேட்டிங்கை இறக்கியது மண்டல அலுவலகம். ஆய்வுக்கு வந்துபோன அதிகாரியைப் போனில் பிடித்தேன். சென்னைக்காரர், திராட்சையைக் கடையில் மட்டும் பார்த்தவர்.

"தோட்டமே பட்டுப்போச்சு சார். ஒரு இலை இல்ல, வெறும் குச்சி. கோல்டு ரூமும் காலி. அந்தம்மாவே ஒத்துக்கிட்டாங்க."

"அது கவாத்து சார். அறுவடை முடிஞ்சதும் கொடிய வெட்டி விடுவாங்க. நாலு மாசத்துல மறுபடி காய்க்கும்."

"ரிப்போர்ட் மேல போயிடுச்சே சார்" என்றார்.

எதை ஒத்துக்கொண்டீர்கள் என்று மேரியிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"'எல்லாம் போயிருச்சா'ன்னு கேட்டாக சார். லோடு போயிருச்சான்னு கேக்குறாகன்னு நெனச்சு, 'எல்லாம் போயிருச்சு சார்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பாவம்மா நீங்கன்னு மோர் கூடக் குடிக்காமப் போனாக."

3. பத்திரம்

மறு பரிசீலனை கேட்டு மண்டல அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. கடன் பிரிவுத் தலைவரைக் கூப்பிட்டேன்.

"ஒரு குளிர் அறைக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுறீங்க மேனேஜர்? கவர்மென்ட் கடன் கேட்டுக்கிட்டே இருக்கு. அந்தக் கடன் பத்திரத்துல போட்டா இன்ஸ்பெக்‌ஷன் இல்ல, வாராக்கடன் இல்ல. பத்திரம்னா பத்திரம்தான்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

அரசு கடன் வாங்குவது தப்பில்லை. மேரியின் ஷெட்டுக்கு முன்னால் போகும் தார் ரோடும் அப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஆனால் பாதுகாப்பான பெரிய கடன்காரர் எப்போதும் வாசலில் நிற்கும்போது, சின்னக் கடன்காரரை நிராகரிக்க வங்கிக்கு ஒரு காரணம் போதும். அது உண்மையா என்று யாரும் கிளறுவதில்லை. யாராவது புதிதாக ஒன்று கட்டட்டும் என்றுதான் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைக்கிறது. அந்தக் கால் சதவீதம் மும்பையில் புறப்பட்டு எங்கள் கம்ப்யூட்டர் வரை வந்தது. ராயப்பன்பட்டிக்குப் போகவில்லை.

மூன்று முறை நினைவூட்டினேன். அதற்குள் கொடி தழைத்து, காய்த்து, பழுத்தது. ஒரு அறை நிரம்பியது. மீதிப் பழம் கேரள லாரியில் வியாபாரி சொன்ன விலைக்கு ஏறியது.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு இரண்டு சொல்வேன். வட்டி குறைந்தது என்று செய்தி வந்தால் ரெப்போவைப் பார்க்காதீர்கள், பிரீமியத்தைப் பாருங்கள். தோட்டத்தை ஆய்வு செய்தால் பயிர் எந்தப் பருவத்தில் இருந்தது என்று அறிக்கையின் முதல் வரியில் எழுதுங்கள்.

மண்டல அலுவலகத்தின் பதில் இரண்டே வரி: ரேட்டிங்கைத் திருத்துமுன் மறு ஆய்வு அவசியம், அதிகாரி அந்த வாரமே நேரில் வருவார். மேரிக்குப் போனில் படித்துக் காட்டினேன். பின்னால் கத்தரிக்கோல்களின் சத்தம் கேட்டது.

"இந்த வாரமா? இன்னைக்குத்தான சார் கவாத்துக்கு ஆள் எறக்கியிருக்கேன்! அந்தாளு பாக்குறதுக்கு நாலு கொடிய மட்டும் வெட்டாம விட்டு வைக்கவா?"

ஜூனில் நான் எழுதியதற்குப் பதில் வந்த தேதி அக்டோபர் பதினாறு.