ஏத்தம் ஏற ரெண்டு டர்போ

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். டீசல் எஞ்சின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்தவன் சத்தமாகத்தான் பேசுவான். தூரத்தில் நிற்பவர்களுக்குச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். பழைய வண்டியை வைத்துக்கொண்டு, பானெட்டுக்குள் குனிந்திருக்கும் மெக்கானிக் என்ன சொல்லப்போகிறானோ என்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். சங்ககிரி லாரிப் பட்டறையில் பிடித்த ஸ்பேனரை இப்போது கடல் தாண்டி வந்து, பிஸ்கட்டவே என்கிற அமெரிக்க ஊரில் பிடிக்கிறேன். பள்ளிக்கூடத்தோடு அவ்வளவு பழக்கமில்லை.

அம்மிணியின் புகார்

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்து செந்தில், கயல் என்று ஒரு ஜோடி வந்தது. ஈரோட்டுப் பக்கம். அவனுக்கு ஜெர்சி சிட்டியில் பேங்க் வேலை. அவளுக்கு மருந்துக் கம்பெனி வேலை போய்விட்டது. இனி இன்டர்வியூவுக்கு நடக்க மாட்டேன், ட்ரெய்லரில் தோசைக்கடை போடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். மேற்கே மலைப்பக்கத்து ஊர்ச் சந்தையில் முதல் கடைக்கு இடம் கிடைத்திருந்தது. சொன்ன சனிக்கிழமை போய் நிற்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்கு.

ட்ரெய்லரை இழுக்க இருந்ததோ ஒரு பழைய டீசல் பிக்கப். சமதரையில் ஓடும். ஏத்தத்தில் கரும்புகை கக்கும். "எப்படி இழுக்குது அம்மிணி?" என்று கேட்டேன்.

"ஏத்தம் வந்தா நானும் சீட்டுல முன்னாடி சாஞ்சு தள்ளிக்கிட்டே வர்றேன் அங்கிள்."

சின்னதும் பெரிசும்

ரெண்டு டர்போ மாட்டினால் ஏறிவிடும் என்றேன். "ஒரே டர்போ, பெருசா மாட்டிடலாமே?" என்றான் செந்தில். யாரோ போட்ட வீடியோவைப் பார்த்திருக்கிறான். எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற விசிறிதான் டர்போ. அதைச் சுற்றவைப்பது புகைக்குழாயில் வெளியே போகிற சூட்டுக்காற்று. பெரியது நிறையக் காற்றைத் திணிக்கும், ஆனால் வேகம் பிடிக்க நேரமாகும். சின்னது சட்டென்று சுற்றும், மலை ஏறும்போது மூச்சு முட்டிப்போகும். இரண்டையும் ஒன்றின்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால், கிளம்பும்போது சின்னது பார்த்துக்கொள்ளும். அதற்குள் பெரியது எழுந்து வந்து தோள் கொடுக்கும்.

கயல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"புரியுது அங்கிள். எங்க வீட்டுல நான் சின்னது, இவரு பெருசு. எழுப்பிவிடறதுதான் கஷ்டம், எந்திரிச்சுட்டா நல்லா வேலை செய்வாரு."

பேங்க் சட்டை

பானெட்டுக்குள் கை நுழைய இடமில்லை. ஒவ்வொரு குழாயையும் வளைத்து, வைத்துப் பார்த்து, கழற்றி, மறுபடி வெல்டு வைக்க வேண்டும். செந்தில் ஆபீஸ் முடிந்து நேரே ஷெட்டுக்கு வருவான். விளக்கைப் பிடி என்றால் பிடிப்பான். போல்ட்டைத் தேடு என்றால் அந்த வெள்ளைச் சட்டையோடே வண்டிக்கு அடியில் போவான். "வீட்டுல திட்ட மாட்டாங்களா தம்பி?" என்றேன். தேடி எடுத்த போல்ட்டை என் காலடிக்கு உருட்டிவிட்டான். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"வேலை போன அன்னிக்கு அவ அழுதாளுங்க. எனக்குச் சமாதானம் சொல்ல வரலை. ஏத்தம் ஏறுற வண்டி ஒண்ணாச்சும் குடுக்கலாம்னு பாக்குறேன்."

சாவிக்கு அடங்காத எஞ்சின்

ஒருவழியாக முதல் ஸ்டார்ட்டுக்கு நாள் வந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். கயல் ட்ரெய்லரையும் மாட்டிக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா சத்தம் கேட்டுப் பார்க்கத்தானே என்று டர்போ வாயில் ஏர் ஃபில்டர் மாட்டாமல் விட்டிருந்தேன். செந்தில் சாவியைத் திருப்பினான். விசில் அடித்துக்கொண்டு எஞ்சின் எழுந்தது. நான் சிரித்தேன். விசில் ஏறியது. யாரும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவில்லை, இன்னும் ஏறியது. என் சிரிப்பு நின்றுபோனது.

டர்போவுக்குள் போகிற ஆயில் கீழே இறங்கி வர ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது சூட்டில் மடங்கிக்கொண்டது. இறங்க வழியில்லாத ஆயில் காற்றோடு எஞ்சினுக்குள் போனது. டீசல் எஞ்சினுக்கு அதுவும் தீனிதான். சாவியை அணைத்தால் டீசல்தான் நிற்கும். எஞ்சின் ஆயிலைக் குடித்துக்கொண்டு, உடைந்து சிதறுகிறவரை ஓடும். ஷெட் முழுக்க வெள்ளைப் புகை. மூச்சை அடைத்தால்தான் அது சாகும். "காத்தை அடைங்க! டர்போ வாயை அடைங்க!" என்று கத்துகிறேன், அதற்கென்று வைத்திருக்கும் பலகை புகைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. அப்போது ட்ரெய்லரிலிருந்து கயல் குதித்தாள். கையில் கைப்பிடி வைத்த இரும்புத் தோசைக்கல். அதைப் பெரிய டர்போவின் வாயில் பட்டென்று வைத்து, உடம்பைக் கொடுத்து அழுத்தினாள். எஞ்சின் இருமியது, குலுங்கியது, அடங்கியது.

அந்த அமைதியில் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். செந்தில் இன்னும் அணைப்பதற்காகச் சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தான். கயல் கதவைத் திறந்து, அந்தக் கையைச் சாவியிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"விடுங்க. அது நின்னு நேரமாச்சு."

சந்தேகம்

எஞ்சின் பிழைத்தது. உள்ளே தேங்கிய ஆயிலைத் துடைத்து, ரப்பரை வீசிவிட்டு, இரும்புக் குழாயை நல்ல சரிவாக மாட்டினேன். சனிக்கிழமை என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். மாவு, கேஸ், தண்ணீர் என்று ட்ரெய்லர் நிறைய பாரம். மலை ஏத்தம் வந்தது. புகை இல்லை, திணறல் இல்லை. சின்னது பாடி முடிக்க, பெரியது எடுத்துக்கொண்டது. செந்தில் மூச்சுவிடாமல் ரோட்டையே பார்க்கிறான். கயல் மட்டும் கண்ணாடியில் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. ட்ரெய்லர் கழண்டு விழுந்துடுச்சு போல."

அடுத்த வாரம் கயல் வந்து, காற்றை அடைக்க நான் வைத்திருந்த அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டுவிட்டு, நான் ஸ்பேனர் மாட்டும் ஆணியில் புதுத் தோசைக்கல் ஒன்றை மாட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து வருகிற கஸ்டமர் எல்லாம் வண்டியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் இங்கே சாப்பாடும் உண்டா என்றுதான் கேட்கிறார்கள்.