சிரித்த பெண்

முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண். முப்பது வயதிருக்காது, உதடுகள் நீலம் பாரித்திருந்தன. எக்கோ ஸ்கேன் எடுக்க நான் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னபோதும், அவள் விரல்கள் இல்லாத இலையைச் சுற்றிக்கொண்டே இருந்தன.

திரையில் இதயத்தின் மைட்ரல் வால்வு திறக்க முடியாமல் துடித்தது.

"வால்வு ரொம்பச் சுருங்கிப் போச்சும்மா. இனி ஆபரேஷனும் தாங்காது."

விரல்கள் நின்றன. இந்த முடிவைக் கேட்டுச் சிரித்தவள் அவள் ஒருத்திதான்.

"மூச்சு முட்டுதுன்னா நடிக்கேன்னு சொல்லுதாவ, டாக்டர். அவுக வெளியதான் நிக்காவ. இத அவுககிட்ட சொல்லுங்க."

கணவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"உக்காந்து பாக்குத வேலதான, டாக்டர்? பீடி சுத்தலாம்லா?"

நான் வாய் திறப்பதற்குள் அவள் விரல்கள் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டன.