கல்யாணம் நடக்காத சம்பந்தி விருந்து

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூரை அடுத்த ஆனேக்கலில் எங்களுக்கு ஒரு சம்பந்தி விருந்து. கன்னடத்தில் 'பீகர ஊட்டா' என்பார்கள். கல்யாணம் முடிந்த கையோடு ஒரு வீட்டார் இன்னொரு வீட்டாரைக் கூப்பிட்டுப் போடும் கறி விருந்து. ராகி முத்தே என்கிற களி உருண்டை, நாட்டுக்கோழிச் சாறு, மட்டன் வறுவல், கடைசியில் நெய் மிதக்கும் ஒப்பட்டு, நம்ம ஊர் போளி.

எல்லாம் சரி. கல்யாணம்? அதுதான் நடக்கவே இல்லை!

விழிக்காதீர்கள்... விவரமாகச் சொல்கிறேன்.

என் தங்கை வசந்தியின் கணவர் சம்பத். வீடு பிரேசர் டவுன், சிவாஜிநகரில் மூக்குக்கண்ணாடிக் கடை. எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். அதாவது ஒருவரை ஒருவர் வாரிவிட இருவருக்குமே லைசென்ஸ் உண்டு. தங்கமான மனிதர். வெற்றிலை கூடப் போட மாட்டார். ஒரே பலவீனம் தில்பசந்த். பெங்களூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தேங்காயும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்துச் சுடும் பேக்கரி இனிப்பு. சர்க்கரை வியாதி வந்த பிறகும் அதை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் கால் வீங்கியது. பிறகு வயிறு. பிறகு கண் மஞ்சளானது. லிவர் சுருங்கிவிட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்றார் டாக்டர்.

"குடிப்பாரா?" என்றுதான் தெருவே கேட்டது. குடிக்காதவனுக்கும் லிவர் கெடும் என்று பிரேசர் டவுன் முழுக்க வகுப்பெடுத்தே என் தொண்டை கெட்டது.

இறந்தவர்கள் தானம் செய்யும் லிவருக்காகப் பெயரைப் பதிவு செய்தோம். நான் பெங்களூர்க்காரன் ஆயிற்றே... எந்த ஆபீஸிலும் யாரையாவது பிடித்தால் ஃபைல் நகரும் என்ற நம்பிக்கையில் வளர்ந்தவன். ஆஸ்பத்திரியில் இந்த வேலைகளைக் கவனிக்கும் ஷாலினி என்ற பெண்ணிடம் போகும்போதெல்லாம் கேட்பேன்: "வரிசையில நாங்க எத்தனாவதும்மா?"

அவள் பொறுமைசாலி. "சார், இது ரேஷன் கடை க்யூ இல்ல. ஒவ்வொரு பிளட் குரூப்புக்கும் தனி லிஸ்ட். அதுலயும் யாருக்கு ரொம்ப சீரியஸோ அவங்களுக்குத்தான் முதல்ல. உங்க மாப்பிள்ளை பி குரூப். பி லிவர் வரணும்."

"ஓ குரூப் எல்லாருக்கும் சேரும்னு சொல்வாங்களே?"

"சேரும் சார். ஆனா ஓ குரூப் பேஷன்ட்டுக்கு ஓவை விட்டா வேற எதுவும் சேராது. பாவம், அவங்களுக்குக் கொடுத்தது போகத்தான் மத்தவங்களுக்கு. ஏபி குரூப்தான் லக்கி, யார்கிட்ட வேணா வாங்கிக்கலாம்."

ஊருக்கெல்லாம் கொடுக்கிறவன் தன் ஆளிடம் மட்டும்தான் வாங்க முடியும்! எவரிடமும் கை நீட்டி வாங்குகிற ஏபிக்கோ, தன் ஆளைத் தவிர வேறு யாருக்கும் கொடுக்கும் வழக்கம் இல்லை. எங்கள் சொந்தத்திலேயே இந்த இரண்டு ரகமும் உண்டு. பெயர் சொன்னால் சண்டை வரும்.

அன்றுதான் புரிந்தது. சாயங்காலம் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறீர்களா? பஸ் வந்துகொண்டே இருக்கும். நம் நம்பர் மட்டும் வராது. அப்படி நின்றுகொண்டிருந்தார் என் மாப்பிள்ளை — வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டு.

சொந்தத்தில் யாராவது தங்கள் லிவரில் ஒரு பாதியைக் கொடுக்கலாம். கொடுத்தவருக்குத் திரும்ப வளர்ந்துவிடும். நான் சட்டையைக் கழற்றாத குறையாக முன்னால் போய் நின்றேன். ஸ்கேன் பார்த்த டாக்டர், "உங்க லிவரை நீங்களே பத்திரமா வச்சுக்கோங்க சார்" என்றார். ஃபேட்டி லிவராம். சம்பத்தின் அண்ணன் பி குரூப்தான், ஆனால் இதயத்தில் ஸ்டென்ட். மிஞ்சியது வசந்தி. அவளுக்கு ஆரோக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. குரூப் மட்டும் ஏ.

"ஜாதகம் பாக்கப் போனது நீதானேண்ணா? அத்தனை பொருத்தமும் இருக்குன்னு வந்து சொன்னியே!" என்று என் மேல் பாய்ந்தாள்.

உண்மைதான். 'ரஜ்ஜுப் பொருத்தம் பிரமாதம், தாலி பாக்கியம் கெட்டி' என்று ஜோசியர் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தான். ரத்தத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யார்தான் கேட்கிறோம்? அன்று வசந்தி அழுது தீர்த்தாள்.

ஆனால் அவள் அழுதுகொண்டே உட்கார்ந்திருக்கும் ரகம் இல்லை. ரயிலில் ஏறினால் நம்மவர்கள் நேராகவும் சுற்றி வளைத்தும் ஒரு கேள்வி கேட்பார்களே — 'நீங்க எந்த ஆளுங்க?' என்று. அந்த ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹாலிலும் அதே ஆர்வம்தான். கேள்வி மட்டும் 'நீங்க எந்த குரூப்?' என்று மாறியிருந்தது. வசந்தி ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்டுக்கொண்டே போனாள்.

அப்படித்தான் அகப்பட்டார் கௌரம்மா. ஆனேக்கல் பக்கத்தில் ரோஜாத் தோட்டம். கணவர் நஞ்சப்பா, லிவர் பேஷன்ட், ஏ குரூப். கௌரம்மா? பி!

வசந்தி அவர் கையைப் பிடித்து ஷாலினியிடம் இழுத்துக்கொண்டு ஓடினாளாம். என் தங்கை நஞ்சப்பாவுக்குக் கொடுப்பது, கௌரம்மா சம்பத்துக்குக் கொடுப்பது. 'ஸ்வாப்' என்று இதற்குப் பெயரே இருக்கிறது, கமிட்டி பார்த்து அனுமதி கொடுத்தால் சட்டமும் ஒத்துக்கொள்ளும் என்றாள் ஷாலினி. டெஸ்ட் மேல் டெஸ்ட். அனுமதி வந்தது. தேதியும் குறித்தார்கள். தண்ணீரில் முடியாத தமிழ்–கன்னட உடன்பாடு லிவரில் முடிந்துவிட்டது என்று நான் ஜோக் அடித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மாப்பிள்ளை சிரித்தார்.

சிரிப்பு நிலைக்கவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் போன். கௌரம்மாவுக்குக் காய்ச்சல், இருமல். எல்லாம் தள்ளிவைப்பு.

எனக்குத்தான் சந்தேகப் புத்தி ஆயிற்றே! காய்ச்சலா, கால் பின்வாங்குகிறதா? நன்றாக இருக்கிற உடம்பைக் கீறிக்கொள்ள, அதுவும் முன்பின் தெரியாத ஆளுக்காக... யாருக்குத்தான் பயம் வராது? மாப்பிள்ளைக்கோ நாள் அதிகம் இல்லை. இரவெல்லாம் புரண்டுவிட்டு, காலையில் ஆப்பிளும் மாதுளையும் வாங்கிக்கொண்டு ஓசூர் ரோடு டிராஃபிக்கில் நீந்தி ஆனேக்கல் போய்ச் சேர்ந்தேன். நலம் விசாரிக்க என்று பெயர். நோட்டம் பார்க்க என்பது நிஜம்.

வாசலில் மஞ்சள் கண்ணோடு நஞ்சப்பா உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார்: "உங்க தங்கச்சி நல்லாருக்காங்களா? மனசு கினசு மாறலியே?"

நான் திகைத்துப்போனேன். இவர்களும் நேற்றிலிருந்து எங்களை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார்கள்!

உள்ளே கௌரம்மா போர்வையைப் போர்த்திக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். நிஜமான காய்ச்சல்தான். பழப் பையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துகொண்டார்.

"நோடி... பாருங்க அண்ணா," என்றார் இருமலுக்கு நடுவே. "எங்க வீட்டுக்காரர் உசுரு உங்க தங்கச்சி வயித்துல இருக்குது. நான் எங்க ஓடறது?"

எனக்குத் தலை குனிந்துவிட்டது. திரும்பும்போது ஒரு கட்டு ரோஜாப்பூ கொடுத்தார். "வசந்திக்கு. சளி புடிக்காம பாத்துக்கச் சொல்லுங்க" என்றார்.

காய்ச்சல் இறங்கியது. புது நாள் குறித்தார்கள். நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில், நான்கு தியேட்டரில் ஆபரேஷன். ஏன் ஒரே நேரம் என்று ஷாலினியைக் கேட்டேன். "ஒரு பக்கம் முடிஞ்சதும் இன்னொரு பக்கம் 'மாட்டேன்'னு சொல்லிடக் கூடாதில்ல சார்" என்றாள்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே! பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் கல்யாணம் எப்படி நடக்கும்? ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு தாலியும் சேர்ந்தே ஏறும். எங்கள் சித்தப்பா கல்யாணம் அப்படித்தான் நடந்தது. ஒரு வீட்டார் வாங்கிக்கொண்டு நழுவிவிடக் கூடாதே! நம் பெரியவர்களும் சர்ஜன்களும் மனிதர்களை ஒரே மாதிரிதான் எடைபோட்டிருக்கிறார்கள்.

அன்று முழுவதும் வெளியே இரண்டு வீட்டாரும் கலந்தே உட்கார்ந்திருந்தோம். எந்தக் கதவு திறந்தாலும் எல்லாரும் எழுந்தோம். யாருக்கு என்று பிரித்துப் பார்த்துக் கவலைப்பட முடியவில்லை. ஒருவர் பிழைத்து ஒருவர் போனால் அது சந்தோஷமா? சாமியிடம் எப்படி வேண்டுவது என்றுகூடத் தெரியாமல், "நாலு பேரும்... நாலு பேரும்..." என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

நாலு பேரும் வந்தார்கள்.

அதற்குத்தான், உடம்பெல்லாம் தேறிய பிறகு, போன வாரத்து விருந்து. "பொண்ணு கொடுத்தாத்தான் சம்பந்தியா?" என்று கௌரம்மா எங்கள் குடும்பத்தையே வரவழைத்துவிட்டார். சம்பத்துக்கும் நஞ்சப்பாவுக்கும் மட்டும் உப்பும் காரமும் குறைத்துத் தனிச் சமையல். பந்தி பாதியில் மாப்பிள்ளையின் கை, பக்கத்தில் இருந்த என் இலையின் ஒப்பட்டை நோக்கி மெதுவாக நகர்ந்தது. வசந்தி கவனிக்கவில்லை. எதிர்ப்பந்தியிலிருந்து கௌரம்மா கவனித்துவிட்டார்.

"சம்பத் அண்ணா! சாப்புடறது நீங்க, கஷ்டப்படறது என் லிவரு!"

நஞ்சப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். உடனே வசந்தி அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன சிரிப்பு? ராத்திரி மாத்திரையை மறந்தீங்களாமே! எதுக்குக் கொடுத்தேன் உங்களுக்கு?"

மாப்பிள்ளையின் கையும் நஞ்சப்பாவின் பார்வையும் அவரவர் இலைக்குத் திரும்பின.

ஒரு பெண்டாட்டிக்குப் பயந்தால் போதும் என்று இருந்தவர்கள், இப்போது ஆளுக்கு இரண்டு பேருக்குப் பயப்படுகிறார்கள். நன்றாகப் பயப்படட்டும் — நூறு வருஷம்!