நன்னெறி வகுப்பில் ஒரு குதிரைத் தலை

அந்தப் புதன்கிழமை மாலை பள்ளி வேன் கீரனூர் நிறுத்தத்தில் வந்து நின்றதும் உள்ளிருந்து கற்பூர வாசனை வந்தது. வழக்கமாக வேன் நிற்பதற்கு முன்பே கூச்சல் வந்து சேர்ந்துவிடும். அன்று பிள்ளைகள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் வலது உள்ளங்கையில் கரி ஒட்டியிருந்தது. ஒருத்தி அதைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே போனாள். கடைசியாக இறங்கிய என் அண்ணன் மகளின் கை மட்டும் சுத்தமாக இருந்தது.

அண்ணனும் அண்ணியும் மஸ்கட்டில் இருக்கிறார்கள். அவள் என்னோடு இருந்து படிக்கிறாள். நான் திருச்சியில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் இருந்தவள். தினமும் பஸ்ஸில் போய் வந்த காலம் முடிந்து, இப்போது வீட்டிலிருந்தே பக்கங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். வேன் வரும் நேரத்துக்கு நிறுத்தத்தில் போய் நிற்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று.

பள்ளி குளத்தூர் போகும் சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பின்சுவரை ஒட்டி அய்யனார் கோயில் காடு. மண் குதிரைகள் எதிரெதிராக இரண்டு வரிசையில் நிற்கும். பழையவற்றுக்குக் காதும் காலும் உதிர்ந்திருக்கும். யாரும் அப்புறப்படுத்த மாட்டார்கள். நேர்ந்துகொண்டவர்கள் புதியதைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். மாடி வகுப்பு ஜன்னலில் இருந்து பார்த்தால் குதிரைகளின் முதுகுகள் மட்டும் தெரியும்.

இந்தக் கல்வியாண்டில் நன்னெறியைக் கட்டாயப் பாடமாக்கியிருந்தார்கள். புதன்கிழமை கடைசிப் பீரியட். மதிப்பெண் உண்டு, செய்முறையும் உண்டு. தேர்ச்சி பெறாதவர்களுக்குப் பத்தாம் வகுப்பில் இடமில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதை அறிவித்தபோது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த விவசாயி ஒருவர் எழுந்தார்.

“எம்மவன் கணக்குல நூறு வாங்குறான் சார். வீட்டுக்குப் பெரியவங்க வந்தா எந்திரிக்க மாட்டேங்குறான். போடுங்க அந்தப் பாடத்த.”

எல்லோரும் சிரித்தோம். கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன்.

அன்று வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போது அவளிடம் கேட்டேன்.

“என்ன ஆத்தா, எல்லாரு கையிலயும் கரி?”

“சூடம் அணைச்சாங்க அத்த.”

“ஸ்கூல்லயா?”

“நன்னெறி பீரியட்ல.”

நடந்தது இதுதான். முந்தின நாள் அய்யனார் கோயிலில் ஒரு சின்னக் குதிரையின் தலை உடைந்திருந்தது. அந்தத் தலை ஒன்பதாம் வகுப்பு மேசையில் கிடந்தது. கோயில்காரர்கள் காலையில் பள்ளிக்கு வந்திருக்கிறார்கள். சண்டை போடவில்லை. பிள்ளைகளை அடிக்கவோ வையவோ வேண்டாம், சாமி முன்னால் சொல்லிவிட்டால் போதும், பொய்யென்றால் அது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் வரப்புத் தகராறும் காணாமல் போன ஆடும் இப்படித்தான் முடியும். எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் அதைப் பற்றிப் பேசக்கூடாது.

அந்த வாரம் நன்னெறியில் வாய்மை என்ற பாடம். ஆசிரியர் இரண்டையும் சேர்த்துவிட்டார். குதிரைத் தலையை மேசையில் வைத்து, அதன் முன்னால் தட்டில் சூடம் ஏற்றி, வகுப்பை வரிசையில் வரச் சொன்னார். அணைத்தவர்களுக்குச் செய்முறைக்கான முழு மதிப்பெண்.

“என்ன சொல்லி அணைக்கணும்?”

“குதிரைய நான் ஒடைக்கல, ஒடைச்சது யாருன்னும் எனக்குத் தெரியாதுன்னு.”

“நீ ஒடைச்சியா?”

“இல்ல.”

“அப்ப அணைக்க வேண்டியதுதானே?”

“தெரியாதுன்னும் சொல்லணும்ல.”

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“நாங்க எல்லாரும் அங்கிட்டுதான் அத்த இருந்தோம். சாப்பாட்டு பெல்லுக்குப் பெறகு செவுரு ஏறிக் குதிச்சுப் போனோம். ஒரு ஆளு குதிரை மேல ஏறி உக்காந்துச்சு. அது சாஞ்சிருச்சு. தலை தனியா வந்துருச்சு. சிரிச்சுக்கிட்டே எல்லாருமா சேந்து தூக்கியாந்து சார் மேசையில வச்சோம்.”

“யாரு ஏறினது?”

“அத மட்டும் கேக்காதீங்க. சும்மா வெளையாட்டுக்கு ஏறினது. டிசி குடுத்துருவாங்க.”

“அப்ப மத்த பிள்ளைக எப்படி அணைச்சாங்க?”

“மொத ஆளு கண்ண இறுக்க மூடிக்கிச்சு. அணைச்சுட்டுத் திரும்பி எங்களப் பாத்துச்சு. ஒண்ணும் ஆகல. அடுத்து ஒரு ஆளு போச்சு. அப்பறம் விறுவிறுன்னு போனாங்க. சார் சூடத்த ஏத்திக்கிட்டே இருந்தாரு. கடைசியில போனவங்கள்லாம் சிரிச்சுக்கிட்டே போனாங்க. அதப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.”

நன்னெறியைக் கட்டாயமாக்க வேண்டுமா என்ற விவாதம் பள்ளிகள் திறக்கும்போதெல்லாம் எங்கள் நாளிதழின் கடிதப் பகுதிக்கு வரும். வேண்டும் என்பவர்கள் சமுதாயம் கெட்டுவிட்டது என்று எழுதுவார்கள். வேண்டாம் என்பவர்கள் பிள்ளைகளுக்குச் சுமை என்று எழுதுவார்கள். இரண்டையும் ஒரே அளவுக்கு வெட்டி அருகருகே போடுவேன். தேர்ச்சி பெறுகிற பிள்ளை எதைக் கற்றுக்கொண்டு தேர்ச்சி பெறுகிறது என்று யாரும் எழுதியதாக நினைவில்லை. ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பீரியடில் கற்றுக்கொண்டது, அந்த நெருப்பில் ஒன்றுமில்லை என்பதை. அதே வகுப்பு மறுநாள் வாய்மை பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தது. நன்றாக எழுதியிருந்தார்களாம்.

வியாழக்கிழமை மாலை வேன் வந்தபோது அண்ணன் மகளுக்கு முன்பே அவள் வகுப்புப் பிள்ளைகள் இறங்கினார்கள். உள்ளே திரும்பி ஒருவன் கூப்பிட்டான்.

“ஏய் சாமியாரம்மா, எறங்கு. அத்தை காத்துக்கிட்டு இருக்காங்க.”

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. என்னைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேரும் மரியாதையான பிள்ளைகள். ரெட்டைச் சடை போட்ட ஒருத்தி பேச்சை ஆரம்பித்தாள்.

“அத்த, இவளையும் பண்ணச் சொல்லுங்க.”

“எதை?”

“சூடம்தான். ஒண்ணும் ஆகாதுங்க. எங்களுக்கு ஒண்ணும் ஆகல, பாருங்க.”

கையை நீட்டினாள். மற்றவர்களும் நீட்டினார்கள். வெயில் இன்னும் இருந்தது, நன்றாகத் தெரிந்தது. ரேகைகளுக்குள் கறுப்பு அப்படியே இருந்தது.

“கழுவலையா நீங்க?”

“கழுவியாச்சுங்க. போகல.”

“சோப்புப் போட்டும் போகல. ஆனா சுடவே இல்லைங்க,” என்றான் சாமியாரம்மா என்று கூப்பிட்டவன். “அதான் ஆச்சரியம்.”

கரி ஒரே நாளில் போகாமலிருக்கலாம். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பின்னால் நின்ற ஒருத்தி, அதுவரை பேசாதவள், என் அண்ணன் மகளின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

“இவ பண்ணலன்னா, நாங்க பண்ணது என்னங்க ஆகும்?”

அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அவர்கள் கலையாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை எங்களைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். முந்தின நாளே அண்ணன் போனில் சொல்லிவிட்டான்: “சூடத்தத் தொட்டுட்டு வரச் சொல்லு. அடுத்த வருசம் பத்தாவது. இந்த நேரத்துல நான் எங்க போயி ஸ்கூல் தேட?” அவன் சொன்னதில் தப்பில்லை. அதை அவளிடம் சொன்னேன். “ஒன் இஷ்டம் ஆத்தா. அப்பாவுக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றும் சொன்னேன்.

தலைமையாசிரியை அறையில் குதிரைத் தலை செய்தித்தாள் மேல் வைக்கப்பட்டிருந்தது. பூசணிக்காய் அளவு. கண்ணுக்குச் சுண்ணாம்பும் நடுவில் கறுப்புப் பொட்டும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒரு கண் நம் பக்கம் இருந்தது. வகுப்பு முழுவதும் சத்தியம் செய்து முடிக்கும்வரை அதை எடுத்துப் போக மாட்டோம் என்று கோயில்காரர்கள் சொல்லியிருந்தார்கள்.

“சின்ன விசயம் மேடம்,” என்றார் தலைமையாசிரியை. “எல்லாரும் பண்ணிட்டாங்க. இவ ஒருத்திதான். பண்ணலன்னா பேரச் சொல்லட்டும். அதுவும் முடியாதுன்னா நாங்க எப்படிப் பாஸ் போடுறது?”

நன்னெறி ஆசிரியர் சுவரோரம் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். கெட்டவர் இல்லை. தன் பாடத்தை உண்மையாக நம்பியவர்.

“பயப்படாதம்மா,” என்றார். “மனசுல தப்பு இல்லாதவங்களுக்கு இதுல என்ன இருக்கு?”

மின்விசிறியை நிறுத்திவிட்டுச் சூடம் ஏற்றினார். அவள் எழுந்து மேசைக்குப் பக்கத்தில் போனாள். கையை நீட்டுவாள் என்றுதான் நினைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நான் ஒடைக்கல சார். ஒடைச்சது யாருன்னு தெரியும். பேரு சொல்ல மாட்டேன். இத அணைக்கவும் மாட்டேன்.”

சூடம் தானாக எரிந்து முடியும்வரை நான்கு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுடர் அசையும்போதெல்லாம் குதிரையின் கண்ணும் அசைவது போலிருந்தது. கடைசியில் நீலமாகி அணைந்தது.

அப்போது கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. உனக்குத் தெரியுமென்றால் மற்றவர்களுக்கு? தலைமையாசிரியை அதைக் கேட்க வாய் திறந்ததைப் பார்த்தேன். பிறகு மூடிக்கொண்டு மின்விசிறியைப் போட்டார். கேள்வி ஒன்று அறையை விட்டுப் போவது எப்படி இருக்கும் என்று செய்தியாளர் சந்திப்புகளில் பார்த்திருக்கிறேன்.

“டிசி வாங்கிக்கங்க மேடம்,” என்றார்.

அலுவலகத்தில் எழுத்தர் சான்றிதழை நிரப்பினார். நடத்தை என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, “நன்று” என்று எழுதினார்.

நாங்கள் வாசல் கேட்டுக்கு வந்தபோது ஆசிரியர் பின்னால் வேகமாக வந்தார். அவருக்கு அடுத்து ஒன்பதாம் வகுப்பில்தான் தமிழ்ப் பீரியட்; மணி அடித்துவிட்டது. என்னைப் பார்க்காமல் அவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அத்தன பேருக்குமேவா தெரியும்?”

“தெரியும் சார்.”

“சூடம் அணைக்கும்போதே?”

“ஆமா சார்.”

அவர் மாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆசிரியர் வராத ஒன்பதாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே சத்தமே இல்லை. ஜன்னலில் யாரும் இல்லை.

“போயிட்டு வாரேன் சார்,” என்றாள் அவள்.

அவர் தலையாட்டிவிட்டு மாடிப்படி வரை நடந்தார். நாங்கள் சாலைக்கு வந்து, பஸ் வந்து, ஏறி உட்கார்ந்து, பஸ் கிளம்பும்வரையும் அவர் மாடிப்படியின் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.