பெரட்டு மணிக்கு நடந்த கால்கள்

என் மாமனார் கரங்கான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாலிப வயதிலிருந்து பால்மரம் வெட்டினவர். ஜப்பான்காரன் வருவதற்கு முந்தின வருஷம் வேலையை விட்டுவிட்டு, மூடா ஆற்றங்கரையில் இந்தச் சின்ன டவுனில் ஒரு பலகை வீடு வாங்கினார். "இனிமே எவன் மணி அடிச்சாலும் எந்திரிக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டுதான் குடிவந்தார். பொய்.

தோட்டத்தில் விடியுமுன் தண்டவாளத் துண்டைத் தட்டுவார்கள். அதுதான் பெரட்டு மணி. எல்லாரும் ஓடிப்போய் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். இங்கே மணியும் இல்லை, வரிசையும் இல்லை. ஆனால் மனிதர் அதே நேரத்துக்கு எழுந்து, முகம் கழுவி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் விறைப்பாக நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து அசடு வழிய உள்ளே வருவார். நான் அடுப்படிச் சுவரைப் பார்த்துச் சொல்வேன்:

"பேர் போட்டாச்சு. கோப்பி குடிக்கலாம்."

சுவரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் மருமகள் மாமனாரின் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவர் பதிலும் சுவருக்குத்தான் வரும்.

"இந்தச் சுவருக்கு வாய் ஜாஸ்தி."

ஆற்றோரம் ராஜா காலத்துக் கோட்டைச் சுவர் இடிந்து கிடந்தது. பக்கத்தில் மண்ணில் பாதி புதைந்த ஒரு பீரங்கி. துரைமார் காரில் வந்து அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். என் மாமனார் அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போடுவார். ஊரின் பெருமையெல்லாம் அவருக்கு அந்த இரும்பு உட்கார வாகாக இருந்ததுதான். ராஜா சண்டைக்கு வைத்த சாமானில் ஒரு பால்மரக்காரர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்தது எனக்குப் பிடித்திருந்தது. அவர் பிடிக்கிற மீன் விரல் நீளம். வந்து அளக்கிற கதை முழ நீளம்.

ஜப்பான்காரன் வந்தான். தோட்டங்கள் படுத்தன. வேலையில்லாத சனம் ஆற்றங்கரைக்கு வந்து மரவள்ளி போட்டது. என் வீட்டுக்காரர் அலோர் ஸ்டாரில் ஓர் அரிசி ஆலையில் இருந்தார், எப்போதாவதுதான் வருவார். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. போனவர் ஒருவரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலை அந்தச் சத்தம் கேட்டது. தண்டவாளத் துண்டு. எழுந்து பார்த்தேன். கொடியில் அவர் தோள் துண்டைக் காணோம். வாசலில் அவரையும் காணோம். பக்கத்து வீட்டு மலாய்ப் படகுக்காரர் அரைத் தமிழில் கத்திக்கொண்டு வந்தார்.

"மாமா பாடாங்கில நிக்குது! சயாம் லாரி வந்திருக்கு லா! சீக்கிரம் போ!"

திடலுக்கு ஓடினேன். ஆற்றங்கரைச் சனம் வரிசையில் நின்றது. யாரும் கட்டி இழுத்து வரவில்லை. தோட்டத்தில் பேர் எழுதும் கிராணியாக இருந்த நம் ஆள் ஒருத்தன், பாவி, இப்போது ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்தான். மரத்தில் தண்டவாளத்தைத் தொங்கவிட்டுத் தட்டியது அவன்தான். எங்கள் சனத்துக்கு அது போதும் என்று அவனுக்குத் தெரியும். வரிசையில் முதல் ஆள் என் மாமனார். கிராணி அவர் தோளைத் தட்டினான்.

"கெட்டியாத்தான் இருக்கே பெருசு. ஏறு."

நான் போய் மாமனாரின் கையைப் பிடித்து இழுத்தேன். அதுவரை அவர் நிழலைக்கூட மிதித்ததில்லை.

"இவரை ஏத்தாதீங்கண்ணே! படுக்கையிலேயே மூத்திரம் போற மனுஷன். தினம் நாந்தான் பாய் அலசுறேன். லாரியில யார் அலசுவா, நீங்களா?"

வரிசை சிரித்தது. கிராணியும் சிரித்தான்.

"என்னா பெருசு, நெசமா?"

மாமனார் என்னைப் பார்த்தார். ஒரு நாளும் பெரட்டுக்குத் தவறாதவர், பொய் சொல்லத் தெரியாதவர், ரோஷக்காரர். 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் லாரிதான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்க."

சிரிப்பு எதற்கென்று லாரியருகே நின்ற ஜப்பான் சிப்பாய் கேட்டான். கிராணி சைகையில் காட்டினான். சிப்பாய் மூக்கைச் சுளித்து, துப்பாக்கிக் கட்டையால் அவரை வரிசையிலிருந்து தள்ளிவிட்டான்.

வீடு வரை அவர் முன்னே, நான் பின்னே. அவர்மேல் எனக்கு ஆத்திரம். காலமெல்லாம் மணி அடித்து அவரை அப்படிப் பழக்கியவர்கள்மேல் அதைவிட ஆத்திரம். சிரித்தவர்களில் பாதிப் பேர் அன்றைக்கே லாரியில் போனார்கள்.

அப்புறம் அவர் ஆற்றுப் பக்கமே போகவில்லை, சுவரோடும் பேசவில்லை. "மாமா வரலையா? பீரங்கி நனையாது, வரச் சொல்லு" என்று படகுக்காரர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேலி செய்தார். "உன் படகு முதல்ல ஒழுகாம இருக்கட்டும்" என்று நான் ஏசினேன். உள்ளே அவர் சிரித்த மாதிரி இருந்தது.

மறுபடியும் ஒரு விடியலில் தண்டவாளம் அடித்தது. அலறி எழுந்தேன். அவர் உள்பக்கம் வாசற்படியோரம் உட்கார்ந்து, கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். தோளில் துண்டு. சுவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னார்:

"வெளியிலேருந்து பூட்டிரு தாயி. இந்தக் காலு என் பேச்சைக் கேக்காது."

பூட்டினேன். சாவியை மடியில் சொருகிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்துப் படியில் உட்கார்ந்தேன். மணி ஓய்ந்தது. லாரி கிளம்பிப் பாலத்துப் பக்கம் போகிற சத்தமும் அடங்கியது. உள்ளேயிருந்து கேட்டார்:

"பேர் போட்டாச்சா?"

"போட்டாச்சு. கோப்பி குடிக்கலாம்."

கோப்பி ஏது? கருக வறுத்த மரவள்ளித் தண்ணிதான். கதவைத் திறந்து, உள்ளே போய் அடுப்பை மூட்டினேன்.