அட்டை கடிக்காத கால்

லிந்துலை ஆஸ்பத்திரியில் சீனி வருத்தமென்னும் நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் வரிசையில், தரையில் ஓர் அட்டையைக் கண்டு வாங்குப் பலகையின்மேல் ஏறி நின்ற ஒரே வீரன் நான். பக்கத்தில் இருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் அக்கா வெற்றிலை வாயோடு சிரித்தார்.

“சீனி வந்ததுலேருந்து என்னைய அட்டை கடிக்கிறதே இல்ல தம்பி. இனிப்பு ரத்தம் பிடிக்கல போல.”

“என்னோடதும் இனிப்புதான், என்னைய மட்டும் விடமாட்டேங்குதே!” என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன். அவருடைய கால் விரலிடுக்கில் ஓர் அட்டை கொழுத்துத் தொங்கியது. செருப்பெல்லாம் இரத்தம். அவருக்கு அது தெரியவே இல்லை.

“அக்கா, காலு மரத்துப்போச்சு. டொக்டர்கிட்ட காட்டுங்க.”

அட்டையைப் பிய்த்தெறிந்தவர் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். “காட்டினா வெரல எடுத்துருவாங்க. அப்புறம் மலையில எப்படி நிக்கிறது?”

அதற்குள் அவருடைய முறை வந்தது. உள்ளே போனவரிடம் கால் எப்படி என்று டொக்டர் விசாரிப்பது வெளியே கேட்டது.

“நல்லா இருக்குதுங்க டொக்டர்!”

அவ்வளவு தெம்பான குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை.